கொல்லைப்புற வழி

பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை அறுத்துவைத்து, திண்ணையில் சுற்றி உட்கார்ந்து சுளை தின்கிறார்கள். யாரோ ஒரு வேடிக்கை சொல்கிறார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பையனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வர, புரையேறுகிறது. வாயில் ஊற்றிய தண்ணீர் மூக்கு வழியாகப் பீய்ச்சியடிக்கிறது. ஆயா அவன் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்கடா" என்கிறார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்கிறான்: "வாயில குடிச்ச தண்ணி மூக்குல எப்படி ஆயா வந்துச்சு?"

நல்ல கேள்வி. இதே கேள்வியைப் பெரியவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று வேறு மாதிரி கேட்பார்கள். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் ஒரு கட்டிலில் இருப்பவருக்கு மூக்கில் ஒரு குழாய்; அது வயிற்றுக்குக் கஞ்சித் தண்ணீர் கொண்டுபோகிறது. அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் மூக்கில்தான் குழாய். ஆனால் அது வென்டிலேட்டரிலிருந்து நுரையீரலுக்குக் காற்று கொண்டுபோகிறது. ஒரே துளையில் நுழைந்த இரண்டு குழாய்களில் ஒன்று வயிற்றுக்கும் இன்னொன்று நுரையீரலுக்கும் எப்படிச் சரியாகப் போய்ச் சேர்ந்தன?

பையனின் கேள்விக்கு விடை தெரிந்தால் பெரியவர்களின் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

தொண்டையில் ஒரு சந்தி

பழைய வீடுகளில் தெருவாசல் ஒன்று, கொல்லைப்புற வாசல் ஒன்று இருக்கும். எந்த வாசலில் நுழைந்தாலும் கடைசியில் கூடத்துக்குத்தான் வந்து சேர வேண்டும். நம் முகமும் அப்படித்தான். வாய் தெருவாசல். மூக்கு, கொல்லைப்புற வழி. இரண்டும் உள்நாக்குக்குப் பின்னால் தொண்டையில் கூடுகின்றன. கூடிய இடத்திலிருந்து கீழே மறுபடி இரண்டு பாதைகள் பிரிகின்றன. முன்பக்கம் இருப்பது மூச்சுக்குழல்; அதன் வாசலில் குரல்வளை. பின்பக்கம் இருப்பது உணவுக்குழல்.

ஒரு விநோதத்தைக் கவனியுங்கள். காற்று மேலே பின்பக்கமாக (மூக்கு) வந்து, கீழே முன்பக்கமாக (மூச்சுக்குழல்) இறங்குகிறது. சோறு மேலே முன்பக்கமாக (வாய்) வந்து, கீழே பின்பக்கமாக (உணவுக்குழல்) இறங்குகிறது. ஆக, இரண்டு பாதைகளும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ஆளும் கேட்டும் உள்ள ரயில்வே லெவல் கிராசிங் மாதிரி. விழுங்கும்போது மென்அண்ணம் மேலே எழும்பி மூக்குப் பாதையை அடைக்கிறது. குரல்வளை மேலேறிக்கொள்ள, அதன் மூடி சாய்ந்து மூச்சுக்குழலை மறைக்கிறது. ஒரு நொடி மூச்சு நிற்கிறது. சோறு கடந்ததும் கேட் திறக்கிறது.

சிரிப்பு என்பது மூச்சு. விழுங்கலின் நடுவே சிரிப்பு வந்தால் இரண்டு கேட்டும் நேரம் தவறித் திறந்துவிடும். கொஞ்சம் தண்ணீர் மூச்சுக்குழல் வாசலைத் தொட, உடல் பதறி இருமுகிறது. அந்த வேகத்தில் மீதித் தண்ணீர் மேலேறி மூக்கு வழியாக வெளியேறுகிறது. திண்ணையில் நடந்தது இவ்வளவுதான்.

யோகாசனம் பழகியவர்களுக்கு இந்தப் பாதை புதிதல்ல. சூத்திர நேதி செய்பவர் ஒரு மூக்குத் துளையில் நூலை நுழைத்து, வாய் வழியாக அதன் நுனியை எடுக்கிறார். கொல்லைப்புற வாசலில் நுழைந்து தெருவாசலில் வெளியே வருகிற கதை அது. மருத்துவரின் குழாய் அதே வழியில் நுழைந்து, வாய்ப்பக்கம் திரும்பாமல் கீழே இறங்குகிறது.

ஒரே துளை, இரண்டு கட்டளை

உணவுக்கான குழாயை மருத்துவமனைகளில் ரைல்ஸ் ட்யூப் என்பார்கள். அதைப் போடும் செவிலியர், குழாய் தொண்டையைத் தொட்டதும் நோயாளியிடம் சொல்வது ஒரே ஒரு சொல்: "முழுங்குங்க." விழுங்கினால் மூச்சுக்குழல் மூடும், உணவுக்குழல் திறக்கும். குழாய்க்குப் போக வேறு வழியில்லை, வயிற்றுக்குப் போகிறது.

மூச்சுக்கான குழாயைப் போடும் மருத்துவர் சொல்வது வேறு: "நல்லா மூச்சை இழுங்க." இழுத்தால் குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு வெண்ணிறக் குரல்நாண்கள் கதவுகளைப் போல் விலகுகின்றன. அந்த நொடியில் தள்ளினால் குழாய் மூச்சுக்குழலுக்குள் இறங்கும்.

பெரியவர்களின் கேள்விக்கு மீதிப் பாதி விடை இது. எந்தப் பக்கம் கதவு திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நோயாளியின் உடல். இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப்போகும் சிகிச்சைக்கு 'மூக்குவழிக் குழாய்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதன் சூட்சுமம் முழுவதும் அந்த இரண்டாவது கட்டளையில் இருக்கிறது. "மூச்சை இழுங்க" என்று சொன்னால் இழுக்கிற நிலையில் நோயாளி இருக்க வேண்டும்.

ஆனால் அவசர சிகிச்சையில் ட்யூப் போடுவதென்றால் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. தூக்க மருந்து, தசைகளைத் தளர்த்தும் மருந்து இரண்டையும் செலுத்தி, மூச்சையே நிறுத்தி, வாயைத் திறந்து, விளக்குள்ள கரண்டி போன்ற கருவியால் நாக்கைத் தூக்கிப் பார்த்து, குழாயைச் செருகுவார்கள். விரைவானது, பார்வைக்குத் தெளிவானது. அதனால் அதுதான் முதல் வழி. தெருவாசல் திறந்திருக்கும்போது யாரும் கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு போவதில்லை.

கையிருப்புக் கணக்கு

மூச்சை நிறுத்திவிட்டால் எவ்வளவு நேரம் இருக்கிறது?

சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகும் ஒரு பெரியவரின் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கும். அதுதான் கையிருப்பு. அதில் ஆக்சிஜன் அரை லிட்டர்கூட இருக்காது. ஓய்வாகப் படுத்திருக்கும் உடல் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் ஆக்சிஜன் செலவழிக்கிறது. ஆக, இரண்டு நிமிடத்துக்குள் கை காலி.

இதனால்தான் குழாய் போடுவதற்கு முன் சில நிமிடங்கள் முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். நுரையீரலில் இருக்கும் நைட்ரஜனை வெளியேற்றி, அந்த இடத்தையும் ஆக்சிஜனால் நிரப்பினால் கையிருப்பு இரண்டு லிட்டரைத் தாண்டும். ஆரோக்கியமான ஒருவர் ஏறக்குறைய எட்டு நிமிடம் தாங்குவார். காய்ச்சலில் கொதிக்கிறவருக்கோ, பருத்த உடல்காரருக்கோ, நுரையீரலில் சளி கட்டியவருக்கோ இந்தக் கணக்கு செல்லாது. அவர்களுக்கு வரவு குறைவு, செலவு அதிகம்.

மூச்சை நிறுத்திய பின் வாய் திறக்கவில்லை, குரல்வளை தெரியவில்லை, முகமூடி வழியாகவும் காற்று ஏறவில்லை என்றால் என்ன ஆகும்? கையிருப்பு கரைந்துகொண்டே போகும். மயக்கவியல் மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் நிலை இது. தானாக ஓடிக்கொண்டிருந்த மூச்சை அவர்களே நிறுத்தியிருப்பார்கள். மாற்று கையில் இருக்காது.

உங்கள் தெருவாசல் எவ்வளவு திறக்கிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நுழையுங்கள். மூன்றும் நுழைந்தால் போதுமானது. ஆண்டுக்கணக்கில் பாக்கும் குட்காவும் அடக்கிவைத்துக் கன்னம் உள்ளே நார்நாராக இறுகிப்போனவர்களுக்கு ஒரு விரல் நுழைவதே பாடு. 2013இல் தமிழ்நாட்டில் குட்கா தடைசெய்யப்பட்டது. ஆனால் ஒருமுறை இறுகிய கன்னம் பழக்கத்தை விட்டதும் இளகிவிடுவதில்லை.

வாய் திறக்காத மனிதர்

இனி ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிறார். ஐம்பது வயது. நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டுகிற வேலை. சர்க்கரை நோய் உண்டு. ஒரு வாரமாகக் கீழ்க் கடைவாய்ப்பல் வலி. கிராம்பை வைத்துக் கடித்தார். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் தாடைக்கு அடியில் வீக்கம். ஐந்தாம் நாள் வாய் திறக்கவில்லை. இன்று காலை எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வழியவிட்டுக்கொண்டு, கட்டிலில் முன்சாய்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். பேச்சு, வாயில் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது.

பல்வலி எப்படி மூச்சு வரை வந்தது? கடைவாய்ப்பற்களின் வேர்கள் கீழ்த்தாடையின் உள்பக்கத்தில், நாக்கைத் தாங்கும் தசைத்தளத்துக்கும் கீழே போய் முடிகின்றன. அங்கே உண்டாகும் சீழ் தாடைக்கு அடியில் இருபுறமும் பரவுகிறது. வீக்கம் நாக்கை மேலே தூக்கிப் பின்னால் தள்ளுகிறது. சந்தியை நாக்கே மறிக்கத் தொடங்குகிறது. ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடெரிக் ஃபான் லுட்விக் 1836இல் இந்த நோயை விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. பெனிசிலின் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சடைத்து.

108 ஆம்புலன்ஸ் வருகிறது. உறவினர்கள் அவரைப் படுக்கவைத்துத் தூக்கப் பார்க்கிறார்கள். உதவியாளர் தடுக்கிறார். சரியான செயல். அவர் முன்சாய்ந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: அப்படி உட்கார்ந்தால்தான் நாக்கு முன்னால் விழுந்து, பின்னால் ஒரு சந்து திறந்திருக்கிறது. மல்லாத்தினால் அந்தச் சந்தும் அடைபடும். தசைத்தளர்ச்சி மருந்து கொடுத்தாலும் அதே கதிதான். கழுத்துத் தசைகள் பிடித்துவைத்திருக்கும் வழி அவை தளர்ந்ததும் சரிந்துவிடும்.

தெருவாசல் பூட்டிக்கிடக்கிறது, தூங்கவைக்கவும் முடியாது. ஆனால் மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், "இழுங்க" என்றால் இழுப்பார். கொல்லைப்புற வழிக்கு ஏற்ற நோயாளி இவர்தான்.

கொல்லைப்புறமும் உதவாத நேரம்

இதே ஊரில் வேறொரு காட்சி. 2023 ஜூன் 19 அன்று மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. உயிர்ச்சேதம் நேர்ந்தது; எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இப்படி நேருக்கு நேர் மோதும் விபத்துகளில் முன்னிருக்கைக் கம்பியிலும் கண்ணாடியிலும் முதலில் மோதுவது முகம். தாடை உடைந்து, வாயில் இரத்தமும் பற்களுமாக ஒருவர் வந்தால், மூக்கு வழியே போய்விடலாமே என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும்.

மூக்கின் கூரைக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது சல்லடை போல் துளைகள் உள்ள மெல்லிய எலும்பு. வாசனை நரம்புகள் அந்தத் துளைகள் வழியே இறங்குகின்றன. நடுமுகம் நொறுங்கியவருக்கு அந்தச் சல்லடையும் உடைந்திருக்கலாம். கண்ணைச் சுற்றிக் கருவளையம், காதுக்குப் பின்னால் கன்றிப்போன நிறம், மூக்கிலிருந்து நீர்போல் தெளிந்த திரவம் சொட்டுவது ஆகியவை அதன் அறிகுறிகள். மூக்கில் விட்ட குழாய் அந்த உடைசல் வழியே மண்டைக்குள் நுழைந்த சம்பவங்கள், அரிதாக என்றாலும், மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. மூச்சே நின்றுவிட்டவருக்கும் இந்த வழி பெரும்பாலும் உதவாது. வழிகாட்ட மூச்சு இல்லை, சுற்றிவரும் வழிக்கு நேரமும் இல்லை.

முகத்தில் தீக்காயம் பட்டவர்களின் கதை இன்னொரு விதம். 2020 மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. மூடிய இடத்தில் அனலையும் புகையையும் சுவாசித்தவருக்குக் குரல்வளை உள்ளே வெந்திருக்கலாம். வந்தவுடன் நன்றாகப் பேசுவார். மூக்குமுடி கருகியிருப்பதும், சளியில் கரி வருவதும், குரல் கம்முவதும்தான் எச்சரிக்கை. வீக்கம் அதன்பின் மணிக்கணக்கில் வளரும். அங்கே மருத்துவர் எந்த வாசல் என்று யோசிப்பதற்கு முன், எப்போது என்று யோசிக்கிறார். வழி குறுகும் முன்பே குழாய் போய்விட வேண்டும்.

முகம் இழந்தவர்களிடம் கற்ற பாடம்

மூக்கு வழியாக மூச்சுக்குழலை அடையலாம் என்பதை ஜெர்மனியில் ஃபிரான்ஸ் கூன் என்ற அறுவை மருத்துவர் 1902இலேயே எழுதினார். உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு போர் தேவைப்பட்டது.

முதல் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டியவர்களுக்கு முகமே சிதைந்தது. இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் அவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை 1917இல் திறக்கப்பட்டது. அறுவை மருத்துவர் ஹரால்ட் கில்லிஸ் அங்கே முகங்களைத் திரும்பக் கட்டினார். அவருக்கு ஒரு தொல்லை: அறுவை செய்ய வேண்டிய முகத்தின் மேல்தான் மயக்க மருந்து முகமூடியும் உட்கார்ந்திருந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் போட்டி.

மயக்க மருந்து கொடுத்த ஐவன் மகில், ஸ்டான்லி ரௌபாதம் இருவரும் ரப்பர் குழாயை மூக்கு வழியே செலுத்தி அந்தப் போட்டியைத் தீர்த்தார்கள். கருவியால் பார்க்காமலேயே செய்தார்கள். சுருளாக வரும் ரப்பர் குழாயை வெட்டினால் அதில் இயற்கையாகவே ஒரு வளைவு இருக்கும். தொண்டையின் வளைவும் ஏறக்குறைய அதேதான். காலைக் காற்றை முகர்ந்து பார்ப்பவரைப் போல் தலையைச் சற்று முன்னே நீட்டி நிமிர்த்திவைத்து, குழாயை உள்ளே விட்டு, வெளிநுனியில் காதை வைத்துக் கேட்டார்கள். மூச்சுச் சத்தம் பலமாகக் கேட்டால் குரல்வளைக்கு நேரே இருக்கிறது என்று பொருள். சத்தம் மங்கினால் வழி தவறிவிட்டது. பின்வாங்கித் திருப்ப வேண்டும். கண் தெரியாத இருட்டில் நோயாளியின் மூச்சே தடம் காட்டியது.

கண் பின்னால் வந்தது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டினால் அந்தக் கட்டு வளைந்தாலும் படம் மறுமுனைக்கு வந்துசேரும் என்று 1954இல் காட்டினார். 1967இல் பீட்டர் மர்ஃபி என்ற மயக்கவியல் மருத்துவர், பித்தநாளத்தைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட அப்படியொரு கருவியைக் கடன் வாங்கி, மூட்டு நோயால் பாதிக்கப்பட்டிருந்த ஒருவருக்கு மூக்கு வழியே குழாய் போட்டார். இன்று இழைகளின் இடத்தை நுனியில் பொருத்திய சிறு கேமரா பிடித்துக்கொண்டு வருகிறது.

உள்ளே, அங்குலம் அங்குலமாக

நம் கரும்புவெட்டியிடம் திரும்புவோம். பெரிய மருத்துவமனை. உட்கார்ந்த நிலையிலேயே இருக்கிறார். அறையில் இரண்டு குழு: மயக்கவியல் மருத்துவர் ஒருபுறம், கழுத்தின் முன்பக்கம் குரல்வளைக்குக் கீழே தடவினால் தெரியும் சிறு பள்ளத்தைப் பேனாவால் குறித்துவைத்து, கத்தியோடு தயாராக நிற்கும் அறுவை மருத்துவர் மறுபுறம். மூக்கு வழி தோற்றால் அந்தப் பள்ளத்தில் நேராகத் திறப்பார்.

முதலில் எச்சில் சுரப்பைக் குறைக்க ஓர் ஊசி. பிறகு, மூக்கடைப்புக்கு மெடிக்கலில் வாங்கும் அதே வகைச் சொட்டு மருந்து. மூக்கின் உள்தோல் முழுக்க இரத்தநாளங்கள். சொட்டு அவற்றைச் சுருக்கும். இந்தச் சிகிச்சையில் அடிக்கடி நேரும் தொல்லை மூக்கில் இரத்தம் வடிவது. இரத்தம் வழிந்தால் கேமராவுக்கு எதுவும் தெரியாது.

"ஐயா, ஒரு பக்கம் மூடிக்கிட்டு மூச்சு விடுங்க. எந்தப் பக்கம் லேசா இருக்கு?" வலப்பக்கம் என்று கையைக் காட்டுகிறார். அந்தத் துளையிலும் தொண்டையிலும் லிக்னோகெயின் தெளித்தும் தடவியும் மரத்துப்போகச் செய்கிறார்கள். இதற்கே நேரம் பிடிக்கிறது. அவசரத்தில் அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். மரக்காத தொண்டையைத் தொட்டால் குமட்டலும் இருமலும் வந்து, இருக்கிற வழியும் இறுகிவிடும். இதற்கிடையே இடது துளை வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டே இருக்கிறது.

குழாயின் உள்விட்டம் ஆறிலிருந்து ஏழு மில்லிமீட்டர். வெந்நீரில் வைத்து இளக்கியிருக்கிறார்கள். மெல்லிய கேமராத் தண்டின் மேல் அதைக் கோத்துவைத்தாயிற்று. இனி நுழைய வேண்டும். எந்தத் திசையில்? மூக்கு மேல்நோக்கிப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம், வெளியே பார்த்தால் அப்படித் தெரிவதால். உண்மையில் மூக்கின் தரை வாயின் கூரைக்கு இணையாக, முகத்திலிருந்து நேராகப் பின்னால் போகிறது. மேலே போனால் சுருள் எலும்புகளில் இடித்து இரத்தம் வரும். தரையை ஒட்டிப் போனால் வழி இருக்கிறது.

திரையில் ஈரமான செந்நிறக் குகை. ஒரு திருப்பம், வெளிச்சம் கீழே இறங்குகிறது. வீங்கிய நாக்கின் அடிப்பகுதி ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கப்பால் இலைபோல் ஒரு மடிப்பு: குரல்வளை மூடி. அதன் நிழலில் இரண்டு வெள்ளைக் கோடுகள், திறந்தும் மூடியும்.

"மூச்சை இழுங்க ஐயா. நல்லா... இன்னும்."

கோடுகள் விலகுகின்றன. தண்டு நுழைகிறது. இப்போது திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் குருத்தெலும்பு வளையங்கள். அவற்றின் முடிவில் வழி இரண்டாகப் பிரியும் கவை. மூச்சுக்குழல்தான், சந்தேகமில்லை. தண்டின் மேலாகக் குழாயை வழுக்கிவிடுகிறார். மூக்குத் துளையின் விளிம்பில் இருபத்தெட்டு சென்டிமீட்டர் குறி வந்ததும் நிறுத்துகிறார். குழாயின் நுனியை அடுத்திருக்கும் சிறு பலூனை ஊதுகிறார்.

அவ்வளவு நேரம் ஒவ்வொரு மூச்சோடும் முனகிக்கொண்டிருந்தவரின் குரல் சட்டென்று நிற்கிறது.

குரல் என்பது நாண்களுக்கு நடுவே உரசிப்போகும் காற்று. இப்போது காற்று முழுவதும் குழாய்க்குள் போகிறது. நாண்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர் வாயசைக்கிறார், ஓசை வரவில்லை. இணைத்த இயந்திரத்தின் திரையில், வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயு வரிசையாக மேடு கட்டுகிறது. வயிற்றிலிருந்து அப்படித் தொடர்ந்து வராது, நுரையீரலிலிருந்துதான் வரும்.

இதற்குப் பிறகுதான் தூக்க மருந்து. சீழை வடித்து, பல்லைப் பிடுங்குவார்கள். வீக்கம் வடிந்து வாய் திறக்கும்வரை குழாய் இருக்கும்; அதிக நாள் வைத்தால் மூக்கின் ஓரம் புண்ணாகும், சைனஸில் சளி கட்டும் என்பதால், நாள் நீடிக்கும் என்றால் வேறு வழிக்கு மாற்றுவார்கள்.

வெளியே காத்திருக்கும் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த முனகல் திடீரென்று நின்றதும் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். உள்ளேயிருந்து வந்த செவிலியர் அவர் கையைப் பிடிக்கிறார்: "பயப்படாதீங்கம்மா. ட்யூப் சரியான எடத்துக்குப் போயிடுச்சு. அதான் சத்தம் வரல."